கம்பெனி முடிந்தது, அனைவரும் வருக

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதை காரணம் இல்லை. நான் எழுதினால் அதில் ஓர் எழுத்துப் பிழை வந்தே தீரும். வந்துவிட்டால் அதைத் திருத்தவும் அவர் விடமாட்டார். ஆகவே, மேடம். ஓசூரில் பாதிப் பேரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். மீதிப் பேர் சார்.

மேடத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் முதலில் தலையைச் சொறிவேன். வரலாற்று ஆய்வாளர். அதோடு கண்காட்சி அமைப்பவர். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கத்து மலைகளையும் கோட்டைகளையும் மனிதர்களையும் வரைந்த பழைய படங்களைத் தேடிப் பிடித்து, நகல் எடுத்து, சுவரில் மாட்டி, முன்னால் நின்று கதை சொல்வார். அதில் என் பங்கு, படங்களுக்குக் கீழே ஒட்டும் குறிப்புகளை அச்சடித்துக் கொடுப்பது. அப்புறம் விளம்பர ஃப்ளெக்ஸ். இந்த ‘அப்புறம்’தான் விஷயம். அவர் மூன்று வருடம் ஓடி ஓடிச் சேர்த்த கண்காட்சியை, திறப்பதற்கு முதல் நாளே, ஒரே ஃப்ளெக்ஸில் இழுத்து மூடப் பார்த்தவன் நான். கூடவே எனக்கு எலும்பு ஒன்றாவது முறிந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லியாக வேண்டும்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பயந்தாங்கொள்ளி. ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்கு அது தொழில் நோய். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி ஒன்று அடித்தேன். இறந்த பெரியவர் படம் மேலே பெரிதாக, ‘கண்ணீருடன்’ என்று மகன் படம் கீழே சிறிதாக வர வேண்டும். இரண்டும் இடம் மாறிவிட்டன. இறந்தவர் கீழே நின்று கண்ணீர் விட, உயிரோடு இருக்கிற மகன் மாலையோடு மேலே போய்விட்டார். அந்த மகன் நேரில் கடைக்கு வந்தார். நான் பின்வாசல் வழியாக வண்டியை எடுத்து, எல்லை தாண்டி, அத்திப்பள்ளியில் உட்கார்ந்து மத்தியானம்வரை டீ குடித்தேன். மாநிலம் மாறினால் அடி செல்லாது என்று ஒரு நம்பிக்கை.

மேடம் முதல்முதலாகப் பாகலூர் சாலையில் இருக்கும் என் கடைக்கு வந்த நாளில் நல்ல மழை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக் கண்ணாடி. தாலி இருக்க வேண்டிய இடத்தில் பூதக் கண்ணாடி தொங்கினால் எங்கள் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கூரை ஒழுகும். ஒழுகும் இடங்களில் எல்லாம் வீணாய்ப் போன ஃப்ளெக்ஸ்களைக் கட்டி வைத்திருந்தேன். அவர் தலைக்கு நேர் மேலே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

“மணமக்களை வீழ்த்துகிறோம்.”

போச்சு. பெண் வீட்டுச் சொந்தமோ என்னவோ.

“அது வேற கடையில அடிச்சதுங்க மேடம்.”

“கீழ உங்க ஃபோன் நம்பர் இருக்கே?”

“நம்பரையும் தப்பா அடிச்சிட்டாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து, ‘வாழ்த்துகிறோம், வீழ்த்துகிறோம்’ என்று எழுதிக்கொண்டார். அந்த ஃப்ளெக்ஸைக் கொடுப்பீர்களா என்று கேட்டார். நான் கொஞ்ச நேரத்தில் வேறு ஒன்று அடித்துத் தருகிறேன், சரியாகவே அடித்துத் தருகிறேன் என்றேன்.

“சரியானது எனக்கு எதுக்குண்ணா? திருத்தாதீங்க. தேதி போட்டு அப்படியே குடுங்க.”

இதுதான் அவர். முழுக்க முழுக்க இதுதான். மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பார்கள், பித்தளைச் சாமான் சேர்ப்பார்கள். இவர் தப்புகளைச் சேர்த்தார். இருநூறு வருடத்துக்கு முந்தைய குமாஸ்தா ஒரு கிராமத்தின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அதைப் பார்க்கச் சென்னைவரை பஸ்ஸில் போவார். மலையைத் தப்பான பக்கம் சாய்த்து வரைந்த ஓவியனிடம் தனிப் பிரியம். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். வறுகடலையை மென்றுகொண்டே சொன்னார்.

“சரியா எழுதினா எல்லாரும் ஒரே மாதிரிதாண்ணா இருப்பாங்க. தப்புலதான் ஆள் தெரிவான். அவசரமா இருந்தானா, பசியா இருந்தானா, யாருக்குப் பயந்தான், எதைக் காதுல வாங்கல, எல்லாம் அதுல இருக்கும்.”

“அப்படின்னா என் கடையில நீங்க ஒரு காலேஜே நடத்தலாம் மேடம்.”

“அதுக்குத்தானே வர்றேன்.”

அவருடைய சொந்த ஊர் பாகலூருக்கு அந்தப் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீசில் தமிழ், ஆவணங்களில் இங்கிலீஷ். “நாலு மொழியிலயும் தப்புப் பண்ணுவேன்” என்று ஏதோ நாலு பட்டம் வாங்கியவர் மாதிரி சொல்வார். எண்ணுவது தெலுங்கில். திட்டுவது கன்னடத்தில். ஸ்கூட்டர் கிளம்பாதபோது கன்னடம் நிறையக் கேட்கும்.

ஒருநாள் என் வேனில் கிருஷ்ணகிரிப் பக்கம் போக வேண்டும் என்றார். கையில் ஒரு பழைய படத்தின் நகல். மலைமேல் கோட்டை, அடியில் கூடாரங்கள், அதற்கும் முன்னால் பளபளவென்று ஓர் ஆறு. அந்தப் படத்தை வரைந்த வெள்ளைக்காரச் சிப்பாய் எந்த இடத்தில் நின்று வரைந்தான் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சின்னப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கன்டெய்னர் லாரிகள் காதை அறுத்துக்கொண்டு போகின்றன. இவர் பாலத்துச் சுவரில் ஏறி நின்று, படத்தை ஒரு கையில் பிடித்து, மலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“இங்கதாண்ணா நின்னிருக்கான். அந்தப் பாறை மூக்கு சரியா வருது பாருங்க. ஆனா இங்க ஏது ஆறு? ஆறே இல்லாத இடத்துல ஆறு போட்டிருக்கான் பாருங்க!”

லாட்டரியில் விழுந்த மாதிரி ஒரு சந்தோஷம் அவருக்கு.

“தாகமா இருந்திருக்கும் மேடம்” என்றேன்.

உடனே நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் டேப்பை நீட்டி என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். அங்கே ஆரம்பித்தது சனி. இந்த மாவட்டத்தில் வயலோரம் நின்று டேப்பை நீட்டுகிறவன் ஒரே ஒரு வேலைக்குத்தான் வந்திருப்பான். எந்தத் தொழிற்சாலைக்கோ நிலம் எடுக்க. வரப்பில் இருந்து ஒரு விவசாயி மண்வெட்டியோடு எழுந்து வந்தார். தெலுங்கில் ஏதோ கேட்டார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. மண்வெட்டி முழுதாகப் புரிந்தது. டேப்பை விட்டுவிட்டு வேனுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். டேப் சர்ரென்று சுருண்டு மேடத்தின் விரலில் அடித்தது.

அவர் விரலை ஊதிக்கொண்டே படத்தை அந்த விவசாயியிடம் நீட்டினார். இரண்டு பேரும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார்கள். பூதக் கண்ணாடி கைமாறியது. கொஞ்ச நேரம் கழித்து மேடம் வேன் கண்ணாடியைத் தட்டினார்.

“அண்ணா, இறங்குங்க. தப்பு அவனோடது இல்லை, என்னோடது. மேல ஏரி இருக்காம். நிறைஞ்சு வழிஞ்ச வருசத்துல இந்த வழியா ஆறு கணக்கா ஓடுமாம். இவர் தாத்தா பார்த்திருக்காராம். அந்தச் சிப்பாய் நல்ல மழை வருசத்துல வந்திருக்கான்.”

மண்வெட்டிக்காரர் என்னைப் பார்த்து, “ஏன் சாரு, ஓடிட்டீங்க?” என்றார்.

“வண்டி சூடாயிருச்சான்னு பார்க்கப் போனேங்க.”

மேடம் நோட்டில் தன் பெயரை எழுதி, தேதி போட்டு, ‘ஆறு இல்லை என்று நினைத்தேன்’ என்று எழுதினார். என் தாகத்தையும் அடித்து நீக்கவில்லை. கண்காட்சிக் குறிப்பில் மூன்றும் வந்தன: சிப்பாயின் ஆறு, அவருடைய சந்தேகம், விவசாயியின் ஏரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில், ‘தாகமாக இருந்திருக்கலாம் (ஓசூர் நண்பர்)’.

அவர் கோபப்பட்டு நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். அதுவும் நான் ஒரு தப்பும் செய்யாத நாளில். பழைய கணக்கேட்டின் பக்கம் ஒன்றைக் குறிப்பு அட்டையாக அடிக்கக் கொடுத்திருந்தார். அதில் அந்தக் காலத்துக் குமாஸ்தா ஓசூரை ‘ஊசூர்’ என்று எழுதியிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடமாக ஊரே என் தப்பைச் சொல்லிக் காட்டுகிறது, ஒருவன் தப்பையாவது நான் திருத்தக் கூடாதா? பெருமையாக ‘ஓசூர்’ என்று போட்டு அடித்து, லேமினேஷனும் செய்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

“அண்ணா, இது அவன் தப்பு. பாவம், அவன் இருந்தான்கறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். அதையும் அழிச்சிட்டீங்க. உங்களுக்குத் தப்பு வேணும்னா நீங்க சொந்தமாப் பண்ணிக்கோங்க.”

சொந்தமாகப் பண்ணினேன். அடுத்த மாதமே.

கண்காட்சிக்கு ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே மேடம்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும், அதனால் ஓர் ஓனர் இரண்டு நாளைக்குச் சும்மாவே கொடுத்தார். அதே காரணத்தால் என் கடையிலும் ஈ ஓட்டுகிற வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு. வெள்ளிக்கிழமை மேடம் சென்னையில், ஆவணக் காப்பகத்தில். அங்கிருந்து ஃப்ளெக்ஸுக்கான வாசகத்தை அனுப்பினார்.

‘கம்பெனி ஆட்சி முடிந்தது. ஓவியங்களும் கதைகளும். அனைவரும் வருக.’

கீழே, ‘படம் உங்க இஷ்டம்ணா.’

அவர் சொன்ன கம்பெனி, வியாபாரத்துக்கென்று கப்பலில் வந்து நாட்டையே பிடித்துக்கொண்ட அந்தப் பழைய வெள்ளைக்காரக் கம்பெனி. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் கண் கம்பெனியில் நிற்கவில்லை. அடுத்த சொல்லில் போய் முட்டிக்கொண்டது. ஆட்சி முடிந்தது! நாற்சந்தியில், இருபது அடி அகலத்தில், என் கடை நம்பரோடு! எந்தக் கட்சிக்காரர் முதலில் வருவார், எந்தக் கையால் அடிப்பார் என்றெல்லாம் படம் படமாக ஓடியது. மேடத்துக்கு ஃபோன் போட்டேன். காப்பகத்துக்குள் ஃபோனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்களாம். அணைந்திருந்தது. மெஷின் காத்திருக்கிறது. கட்டுகிற ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ஒரு சொல்தானே. மூன்று எழுத்து. எடுத்துவிட்டேன்.

ஒரு பயத்தைத் துரத்திக்கொண்டு ஓடும்போது எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. படம் வேண்டுமே என்று கம்ப்யூட்டரில் ‘கம்பெனி’ என்று தேடினேன். பழைய வேலை ஒன்றுக்காக எடுத்து வைத்திருந்த தொழிற்சாலை வாசல் படம் வந்தது. பெரிய இரும்பு கேட், சாத்தியிருக்கிறது. அழகாகத்தான் இருந்தது. ‘ஓவியங்களும் கதைகளும்’ என்பதை வெள்ளைமேல் மஞ்சளில் போட்டேன். வெள்ளைமேல் மஞ்சள் வெயிலில் தெரியாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் மூன்று சந்திப்புகளில் கட்டியாகிவிட்டது. வெயிலில் தெரிந்தது இவ்வளவுதான்:

‘கம்பெனி முடிந்தது! அனைவரும் வருக.’

பக்கத்தில் சாத்திய கேட். அடியில் மண்டபத்தின் பெயர். அதற்கும் அடியில், கொட்டை எழுத்தில், என் ஃபோன் நம்பர்.

ஓசூரில் கம்பெனி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் பஸ் அனுப்பி ஏற்றிக்கொண்டு போவது, சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவது. பையன் என்ன செய்கிறான்? கம்பெனி. எங்கே வீடு? கம்பெனிக்குப் பக்கத்தில். எப்போது கல்யாணம்? கம்பெனியில் பெர்மனென்ட் ஆகட்டும். எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்பதில்லை. மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்தப் பஸ்கள் எல்லாம் அந்த மூன்று சந்திப்பையும் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வருடம் ஏற்கெனவே எல்லார் வாயிலும் ஒரு பேச்சு இருந்தது, எந்த உற்பத்தி லைனையோ வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று.

முதல் ஃபோன் இரண்டே முக்காலுக்கு வந்தது.

“சார், எந்தக் கம்பெனி சார்?”

எனக்குப் புரியவில்லை. இரண்டாவது ஃபோன்: “கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?” மூன்றாவது ஆள் பழைய இரும்பு வாங்குகிறவர். “மெஷினெல்லாம் ஸ்கிராப்புக்கு வருதுங்களா? நான்தான் முதல்ல கேட்டேன், ஞாபகம் வச்சுக்கோங்க.” அப்போதுதான் உறைத்தது எனக்கு. நாலாவது ஃபோனை எடுத்துக் கன்னடத்தில், “ராங் நம்பர் ரீ” என்றேன். அந்தப் பக்கம் இன்னும் நல்ல கன்னடத்தில், “யாவ கம்பனி சார்?” என்றது.

அத்திப்பள்ளிக்குத்தான் வண்டியைத் திருப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் மேடம் அன்று மத்தியானமே சென்னையில் இருந்து படங்களோடு வந்து மண்டபத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸில் மண்டபத்தின் பெயர் இருக்கிறது. என்னைத் தேடுகிறவர்கள் நம்பரில் தேடுவார்கள், அவரை நேரிலேயே பிடித்துவிடுவார்கள். நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை முட்டி, எனக்கு நானே நாலு கெட்ட வார்த்தை சொல்லி, திரும்பினேன். வீரம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். மண்டபத்துக்குப் பின்வாசல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முன்வாசலில் கூட்டம் கூடியிருந்தது. முந்நூறு பேர் இருக்கலாம். என் கண்ணுக்கு மூவாயிரம். யூனிஃபார்ம் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. கத்தல் இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் ஃபோனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சமையல் கட்டு வழியாக உள்ளே போய், அண்டாக்களுக்கு நடுவே மேடத்தை வரச்சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“ஆட்சியை ஏன் எடுத்தீங்க?”

“பயம் மேடம்.”

“எந்த ஆட்சிக்கு?”

“எது இருக்கோ அதுக்கு.”

மேடம் கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டாமேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. “கம்பெனி முடிந்தது, அனைவரும் வருக” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “இருபது வருசத்துல இந்த மாதிரி ஒண்ணு எனக்குக் கிடைச்சதில்லைண்ணா.” எனக்கு அழுகை வந்தது. “மேடம், வெளிய எல்லாரும் நிக்கிறாங்க மேடம்.”

“யாரு?”

“கம்பெனி ஆளுங்க. வேலை போச்சுன்னு வந்திருக்காங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்விட்சை அணைத்த மாதிரி. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“நிஜமாவே பயந்திருக்காங்களா? முதல்ல ரோட்டுல இருக்கறதைக் கழட்டச் சொல்லுங்க. மூணையும். இப்பவே.” நான் ஃபோனை எடுத்தேன். இரண்டடி போனவர் திரும்பினார். “கிழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. சுருட்டி இங்க கொண்டு வரச்சொல்லுங்க.”

முன்கதவை அவரே திறந்தார். கூட்டம் உள்ளே வந்தது. அவர் மணமேடையில் ஏறி நின்றார். நான் மேடைத் தூணுக்குப் பின்னால். தூண் என்னைவிட ஒல்லி.

“எந்தக் கம்பெனியும் மூடலைங்க. உங்க யாருக்கும் வேலை போகலை. நாங்க போர்டுல ஒரு வார்த்தையை விட்டுட்டோம். தப்பு எங்களுது. மன்னிச்சிடுங்க.”

எங்களுது என்றார். அந்த ‘எங்க’ளுக்காக நான் அவருக்கு இன்னும் நூறு கண்காட்சிக்குச் சும்மாவே அடித்துக் கொடுப்பேன்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மண்டபமே ஒருமுறை பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. நடுவில் ஒருவர் விடவில்லை. “அப்ப முடிஞ்ச கம்பெனி எதுங்க?”

“வந்ததே வந்தீங்க, வாங்க, காட்டறேன்.”

சுவரில் பாதிப் படங்கள்தான் மாட்டியிருந்தார். மீதி தரையில் சாய்த்து வைத்திருந்தது. படம் படமாக நடந்துகொண்டே சொன்னார். கடல் தாண்டி ஒரு கம்பெனி வந்தது. வியாபாரம்தான் என்றது. அப்புறம் நிலம் கேட்டது. முதலாளிகள் யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஏதோ தூர ஊரில் பங்கு வாங்கி வைத்திருந்தார்கள். காவலுக்கும் கணக்கு எழுதவும் மூட்டை தூக்கவும் நம் ஆட்களையே வைத்தது. ஒருநாள் அறிவிப்பு வந்தது, இனிமேல் கம்பெனி இல்லை, ராணி ஆட்சி என்று.

“எங்க கம்பெனிக் கதையை உங்களுக்கு யாருங்க சொன்னது?” என்றது ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

“பி.எஃப். குடுத்தானுங்களா?”

“யாரும் கேட்டதா எழுதி வைக்கலைங்க” என்றார் மேடம். அதற்கும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக.

கூட்டத்தில் ஒரு பெண் முன்னால் வந்தார். முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. பின்வாசலுக்குச் சுற்றிப் போகும்போதே அவரைக் கவனித்திருந்தேன். ஃபோனில், “எம்மா, அழாத, என்னன்னு கேட்டுட்டுப் பொறவு கூப்பிடுதேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“யக்கா, அந்தக் கம்பெனி முடிஞ்சப்போ அதுல வேல பாத்தவங்க என்ன ஆனாங்க?”

மேடம் படங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியலைம்மா. அதைத்தான் இந்தப் படங்கள்ல தேடிட்டிருக்கேன். அவங்க பேரு எதுலயும் இல்லை.”

கழுத்தில் இருந்து பூதக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அந்தப் பெண் குனிந்து பார்த்த படம், கூடாரம் அடிக்கிற படம். மலையடிவாரம், குதிரைமேல் ஒரு துரை, சுற்றிலும் கயிறு இழுக்கிற நாலு கூலியாட்கள். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யக்கா, இது நாலு பேரு இல்ல. ஒரே ஆளு.”

“என்னம்மா?”

“மூஞ்சியப் பாருங்க. மூக்கு, மீச, எல்லாம் ஒண்ணு. ஒருத்தனையே நாலு தடவ வரைஞ்சு வச்சிருக்கான். எங்க சூப்பர்வைசரும் இப்பிடித்தான் பாப்பாரு. மூணு வருசமா என்னை வேற பேரு சொல்லித்தான் கூப்புடுதாரு.”

மேடம் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்தப் படத்தை அவர் பல வருடமாக வைத்திருக்கிறார். குதிரையின் சேணம் தப்பு என்று கண்டுபிடித்தார், மலையின் சாய்வு தப்பு என்று கண்டுபிடித்தார். அங்கேயே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நோட்டை எடுத்தார். “உங்க பேரு என்னம்மா? சரியா சொல்லுங்க. எழுத்து எழுத்தா சொல்லுங்க.” அவர் எதையும் எழுத்துக்கூட்டிச் சரியாக எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் கண்காட்சி திறந்தபோது, எங்கள் ஊரில் எந்தக் கண்காட்சிக்கும் வராத கூட்டம் வந்தது. சனிக்கிழமை வந்தவர்களே வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நுழைந்ததும் முதல் சுவரில் என் ஃப்ளெக்ஸ் தொங்கியது. என் பெயரை மட்டும் போடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டிருந்தேன். போடவில்லை. நம்பரைக்கூட வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார். குறிப்பு அட்டையில் தேதி போட்டு, ‘ஓசூர். பயத்தில் செய்தது’ என்று எழுதியிருந்தது. பழைய இரும்புக்காரரும் வந்திருந்தார். அதன் முன்னால் நின்று படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடமே, “எவனோ ஒரு கிறுக்கன்” என்றார். “ஆமாங்க” என்றேன்.

இப்போது மேடம் கோலார்ப் பக்கம் ஏதோ ஊரில் இருக்கிறார். கன்னடப் பலகைகளில் தப்பு இன்னும் நன்றாகக் கிடைக்கிறதாம். அவ்வப்போது படம் அனுப்புவார், தேதியோடு.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஞாபகம் வருவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வருகிறது. கூட்டம் பேசிக்கொண்டே கலைந்துகொண்டிருந்தது. மேடம் இன்னும் தரையில் உட்கார்ந்து, நாலு மூக்கையும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். எனக்குப் பசி எடுக்க ஆரம்பித்திருந்தது. அந்தத் திருநெல்வேலிப் பெண் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே ஃபோனில் அம்மாவைப் பிடித்துவிட்டார்.

“எம்மா, ஒண்ணுமில்ல. அழாதங்கேன்லா. நம்ம கம்பெனி இல்ல, அது வேற கம்பெனி... ஆமா, முடிஞ்சு போச்சுதான். முடிஞ்சு நூத்தறுவது வருசத்துக்கு மேல ஆச்சாம்... எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்... சரி, பஸ்ஸு வந்துட்டு. திங்கக்கிழம ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. வைக்கேன்.”